யோகமலரின் கையெழுத்து

திகன
09.03.1992

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் பாடசாலையில் இருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, யோகமலரின் உடுப்புகளையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்தது நான்தான். சொல்லாமல் எடுத்தது பிழை. நீங்கள் வரும்வரை இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். உங்கள் தெருவில் எல்லோரும் உங்களை டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அங்கே நின்று கத்த மனம் வரவில்லை.

மூன்று வருஷம் என் பிள்ளையை உங்களிடம் விட்டிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை கண்டியில் உங்கள் வீடு, சனி ஞாயிறு திகனையில் எங்கள் வீடு. அக்கா படித்தவள், அக்கா படிப்பிக்கும் பாடசாலை, அவள் பார்வையில் வளர்ந்தால் பிள்ளை முன்னுக்கு வரும் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்துத்தான் அனுப்பினேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் பாடசாலை விட்டதும் உங்கள் வீட்டுக்கு வராமல் தனியாகத் திகன பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நீங்கள் தேடிவிட்டு, இவர் வேலை செய்யும் ஹுஸைன் முதலாளி கடைக்குப் போன் பண்ணினீர்களாம். பிள்ளை வந்துவிட்டாள் என்று இவர் சொன்னதும், வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டீர்களாம். அப்போதே எனக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பட்டது.

கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தது, வகுப்பாசிரியர் முத்துலிங்கம் மாஸ்டர் அவளுடைய கொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டியது, நாலாம் ஆண்டுப் பிள்ளை தன் பெயரையே பிழையாக எழுதியிருக்கிறாள் என்று அதிகாரி சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரியோடு கூட வந்தது நீங்கள். முகச்சாயலைப் பார்த்து, உங்கள் சொந்தமா டீச்சர் என்று கேட்டிருக்கிறார். நீங்கள் சொன்ன பதிலை யோகா ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"இல்லை சேர். தோட்டத்துப் பிள்ளை. வீட்டில சொல்லிக்குடுக்க ஆள் இல்லை."

அக்கா, நம் அப்பா பிறந்தது தெல்தெனியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில். உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அழவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, பெரியம்மா நெசமாவே எனக்குப் பெரியம்மா இல்லையா?"

இனி அவளுக்கு வீட்டிலேயே நான் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வரை மட்டும் படித்தவள்தான். இருந்தாலும் அவளை என் பிள்ளை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

புஷ்பம்


கண்டி
20.03.1992

அன்புள்ள புஷ்பம்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதற்குள் பத்து நாட்கள் போய்விட்டன.

நீ கேட்டது ஒரு பிள்ளை சொன்னது. அங்கே நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த அதிகாரி முன்னால் அரைமணி நேரமாக என் பகுதியைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். பகுதித் தலைவி பதவிக்கு என் பெயர் போயிருப்பது உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு கேள்வி வந்தது, வாயில் ஒரு பதில் வந்தது. யோசித்துச் சொன்னது அல்ல.

பாடசாலையை விட்டுப் பிள்ளையை நிறுத்துவது உன் கோபத்துக்கு நல்லதாக இருக்கலாம். பிள்ளைக்கு நல்லதல்ல. வீட்டில் படிப்பிப்பது என்றால் சும்மா இல்லை. நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், முறை தெரிய வேண்டும். பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள் சொல்கிறேன். யோகமலர் மந்தமான பிள்ளை அல்ல. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். பென்சிலைக் கையில் கொடுத்தால்தான் பிடிவாதம். அதைக் கண்டிப்பால்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் சில வாரம் வராவிட்டால் வரவு இடாப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் கூட்டிக்கொண்டு வா. என் வீட்டில் விட விருப்பமில்லையென்றால் திகனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரட்டும்.

வீட்டில் திருச்செல்வத்தை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
ஞானேஸ்வரி


திகன
02.06.1992

அக்காவுக்கு,

இடாப்பிலிருந்து பெயரை எடுத்தாயிற்று என்று அதிபர் கடிதம் போட்டிருந்தார். நல்லது.

யோகா நன்றாகப் படிக்கிறாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பதினொரு மணி வரை எழும்ப விடுவதில்லை. சுவரில் நேரசூசி ஒட்டியிருக்கிறேன். முதலில் தமிழ், பிறகு கணக்கு, பிறகு சமயம். இப்போது ஒரு நாளைக்கு நாலு பக்கம் பிழையில்லாமல் எழுதுகிறாள். உங்கள் பாடசாலையில் மூன்று வருஷத்தில் வராதது இங்கே மூன்று மாதத்தில் வந்துவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

நாலாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் கண்டியில் கிடைத்தால் அனுப்பவும். இங்கே கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

புஷ்பம்


கண்டி
14.07.1992

அன்புள்ள புஷ்பம்,

புத்தகம் தனியாகத் தபாலில் வருகிறது. கூடவே இரண்டு கொப்பியும் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் திருச்செல்வத்தையும் யோகமலரையும் கண்டேன். பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் வீதியைக் கடந்து வந்து பேசியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்திலிருந்த புடைவைக் கடைக்குள் ஏறிவிட்டேன். எனக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லை. கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் சேலைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி வழியாக வீதியைப் பார்த்தேன். யோகமலர் என்னைக் கண்டுவிட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். இரண்டு விரல் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

நாலு பக்கம் எழுதுகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கையால் எப்படி எழுதுகிறாள்? பிள்ளைக்கு என்ன நடந்தது, புஷ்பம்? கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன்.

ஞானேஸ்வரி


திகன
21.07.1992

அக்காவுக்கு,

நாலு பக்கம் என்று எழுதியது பொய். நாலு வரிகூட இல்லை.

முதல் இரண்டு கிழமை நன்றாகப் போனது. கதை சொல்லிக்கொடுத்தால் திருப்பிச் சொல்வாள், வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தலைகீழாகச் சொல்வாள். எனக்கு ஒரே பெருமை. பிறகு எழுதச் சொன்னேன். ஒரு சொல்லை நூறு தரம் எழுதினாள். நூறும் நூறு விதம். நேற்று வந்த எழுத்து இன்றைக்கு வராது. ழ எழுதச் சொன்னால் ஒரு தரம் இடப்பக்கம் பார்க்கும், ஒரு தரம் வலப்பக்கம் பார்க்கும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு றலியா சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜூன் கடைசியில் ஒரு காலை. தன் பெயரை எழுதச் சொன்னேன். ய எழுதினாள், அதற்குப் பிறகு கொம்பு போட்டாள், அதற்குப் பிறகு கால். கொம்பு முன்னால் வர வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் இருபது தரம் சொல்லியிருப்பேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: "என் பேருல முதல்ல 'ய' சத்தம்தானே வருது. பிறகுதானே 'ஓ' வருது. அப்ப கொம்பை ஏன் முன்னுக்குப் போடணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. வாய் காட்டுகிறாயா என்று கேட்டு அடிமட்டத்தால் அடித்தேன். கோடு போடுகிற மர அடிமட்டம். தட்டையாக அல்ல, விளிம்பால். ஒரு தரம் இல்லை.

றலியா பின்வாசல் வழியாக ஓடி வந்து பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினாள். என்னைத் திட்டவில்லை. "இண்டைக்குப் புள்ள எங்கட ஊட்டுல ஈக்கட்டும். நீங்க கொஞ்சம் ஆறி இருங்க," என்று மட்டும் சொன்னாள். அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மோதிர விரலில் எலும்பு வெடித்திருந்தது. டொக்டர் எப்படிப் பட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் யோகா சொன்னாள், கதவு இடுக்கில் நசுங்கியது என்று. எனக்காகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பவில்லை என்று தெரிந்தது. இவரிடமும் கதவு என்றுதான் சொன்னேன். றலியா சொல்லவில்லை. பிறகு நானே சொன்னேன். அன்றிலிருந்து இவர் அவசியத்துக்கு மட்டும்தான் என்னோடு பேசுகிறார்.

நீங்கள் நாக்கால் செய்தீர்கள், நான் கையால் செய்தேன். உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில், அவளை என் பிள்ளை இல்லை என்று சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். என் பிள்ளை என்பதால்தான் அப்படி அடித்தேன் போல.

எனக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

புஷ்பம்


கண்டி
03.08.1992

அன்புள்ள புஷ்பம்,

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் பாடசாலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வரை போகவில்லை.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். என்னுடையது அந்த அதிகாரியிடம் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியே விட்டிருந்தால் எனக்குச் சுகம். ஆனால் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கும்போது, நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க முடியாது.

போன வருஷம் மூன்றாம் ஆண்டில் யோகமலர் என் வகுப்பில்தான் இருந்தாள். அவளால் எழுத முடியவில்லை என்பது முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. பிடிவாதம் அல்ல என்பதும் தெரியும். ஒரு பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறதா, முடியாமல் திணறுகிறதா என்று தெரியாமல் பத்தொன்பது வருஷம் படிப்பித்திருக்க முடியுமா? வியர்க்க வியர்க்க எழுதுவாள். ஆனால் டீச்சரின் தங்கை மகள், டீச்சரின் வீட்டிலேயே இருக்கும் பிள்ளை, வகுப்பில் கடைசி என்று வந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று மனம் ஓடியது.

மூன்று தவணைப் பரீட்சைக்கும் அவளுடைய விடைத்தாளை நான் எழுதினேன். தாள்களைத் திருத்த வீட்டுக்குக் கொண்டு வருவேன் இல்லையா, அப்போது அவளுடைய தாளை எடுத்துவிட்டு வேறொன்று எழுதி வைப்பேன். சின்னப் பிள்ளையின் எழுத்து மாதிரி, கொஞ்சம் கோணலாக, இரண்டு மூன்று பிழையோடு. அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு என்று படிப்படியாகக் கூட்டினேன். முன்னேற்ற அறிக்கையைப் பார்த்து நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் முத்துலிங்கம் மாஸ்டர் அவளை நம்பவில்லை. போன வருஷம் அறுபத்தெட்டு எடுத்த பிள்ளை இந்த வருஷம் பெயர் எழுதத் தெரியவில்லை என்றால் வேண்டுமென்று செய்கிறாள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? முழங்காலில் நிறுத்தினார். கொப்பியைத் தூக்கிக் காட்டினார். அவர் மேல் குற்றமில்லை. நீயும் என் அறிக்கையை நம்பித்தான் அடித்தாய். உண்மை தெரிந்திருந்தால் அந்த அடிமட்டம் உன் கைக்கு வந்திருக்காது.

அவள் கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. ஆயிரம் பிள்ளைகளுக்கு அந்தக் கொம்பை எழுதிக் காட்டியிருக்கிறேன். ஏன் முன்னால் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசித்ததில்லை. அவள் சொல்வது சரி. சத்தம் பின்னால்தான் வருகிறது.

நான் ஒரு நாள் வரட்டுமா? அவள் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

ஞானேஸ்வரி


திகன
30.09.1992

அக்காவுக்கு,

உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் திரும்ப எடுக்க முடியாததை எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவர் கேட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றார்.

வர வேண்டாம். இப்போது வேண்டாம்.

றலியாவின் மச்சி ஒருத்தி பேராதனையில் நர்ஸாக இருக்கிறாள். அவள் சொல்லி, அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு லேடி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் யோகாவுக்கு ஊசி மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார், டொக்டருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாததால் இவர் அதைச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பிறகு டொக்டர் எழுதச் சொன்னார். பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, எழுத்து மட்டும் தலையிலிருந்து கைக்கு வரும் வழியில் குழம்புகிறது, நிறையப் பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், சோம்பலும் இல்லை பிடிவாதமும் இல்லை என்றார். யோகா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "அப்ப நான் வேணுமின்னு செய்யலையா?" என்று என்னிடமே கேட்டாள். இத்தனை நாள் சொல்லிச் சொல்லி அவளையே நம்ப வைத்துவிட்டோம்.

இப்போது இப்படித்தான் படிக்கிறோம். பாடத்தை நான் வாசிக்கிறேன். அவள் வாயால் பதில் சொல்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி அவள் எழுத வேண்டும். கோபம் வந்தால் நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். இந்த மாதம் பதினொரு தரம் போயிருக்கிறேன். அடிமட்டத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கொம்புக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முன்னால் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு முதலில் ய எழுதுகிறாள், பிறகு கால் போடுகிறாள், கடைசியில் திரும்பி வந்து அந்த இடத்தில் கொம்பைப் போடுகிறாள். நீங்கள் பார்த்தால் அப்படி எழுதக் கூடாது என்பீர்கள். எழுதி முடித்த பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

விடைத்தாள் விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவளுக்கு முதலே தெரியுமாம். போன வருஷம் தாளைத் திருப்பிக் கொடுத்தபோதே கண்டுபிடித்துவிட்டாளாம். "பெரியம்மா என்னை மாதிரியே எழுதிப் பார்த்திருந்தாங்க. ஆனா என்னுதைவிட நல்லா இருந்துச்சு. என்னுது அவங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்," என்றாள்.

இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

புஷ்பம்


கண்டி
18.11.1992

அன்புள்ள புஷ்பம்,

அவள் சொன்ன அந்த வார்த்தையை நீ எழுதியது நல்லது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் இருந்தேன். பிறகு அதிபரிடம் போனேன்.

மூன்று விடைத்தாளையும் நான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. முதலில் நான் யாரையோ காப்பாற்றுகிறேன் என்று நினைத்தார். ஒரு காகிதம் வாங்கி, சின்னப் பிள்ளை எழுத்தில் இரண்டு வரி எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிகாரியிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்ததுதான் என்றாலும், யோகமலர் என் கூடப் பிறந்த தங்கையின் மகள், மூன்று வருஷம் என் வீட்டில் என் தட்டில் சாப்பிட்ட பிள்ளை, நானும் அவளும் ஒரே லயத்து வழிதான் என்று சொன்னேன். முத்துலிங்கம் மாஸ்டரையும் கூப்பிட்டார்கள். வெளியே வந்த பிறகு, "இதை முதல் தவணையிலேயே சொல்லியிருக்கலாமே டீச்சர், நான் அந்தப் பிள்ளையை முழங்கால்ல நிப்பாட்டி இருக்க மாட்டேனே," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பகுதித் தலைவிப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. ஜனவரியிலிருந்து பரீட்சைத் தாள் எதுவும் என் கைக்கு வராது. விசாரணை ஒன்றும் இருக்கிறதாம். ஆசிரியர் அறையில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இதையெல்லாம் நீ இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யோகமலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வாயால் பரீட்சை வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேட்டேன். அப்படி ஒரு முறை இங்கே இல்லை, விரும்பினால் மறுபடி நாலாம் ஆண்டில் சேரலாம், எழுத்துப் பரீட்சைதான் என்றார். உன் இடத்தில் நான் இருந்தால் அனுப்ப மாட்டேன். நீ தொடர்ந்து படிப்பி. நான் உனக்கு அன்றைக்கு எழுதினேனே, பொறுமை வேண்டும், முறை வேண்டும் என்று. கிணற்றடிக்குப் போய் வருவதைவிடப் பெரிய முறை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். கணக்கும் சுற்றாடல் பாடமும் வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் சொல். வேண்டாமென்றால் பதில் எழுதாமல் விடு, புரிந்துகொள்வேன்.

ஞானேஸ்வரி


திகன
11.01.1993

அன்புள்ள அக்கா,

உங்களை வரச் சொல்லி இவர் கடையிலிருந்து போன் பண்ணியது, நீங்கள் வந்து வாசலில் நிற்கும்வரை எனக்குத் தெரியாது. அதனால்தான் அப்படி விறைத்துப் போய் நின்றேன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. இவர்தான் கதிரையை இழுத்துப் போட்டார்.

இரண்டு மணி நேரம் பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். அழுதுவிடுவோம் என்று இருவருக்கும் பயம். நீங்கள் மெலிந்துவிட்டீர்கள். அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

யோகா உங்களை ஜன்னல் வழியாகக் கண்டதுமே பின்வாசலால் றலியா வீட்டுக்கு ஓடிவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று தலையாட்டினாள். வற்புறுத்தவில்லை. இனிமேல் அவளை வற்புறுத்தி ஒன்றும் செய்வதில்லை என்று இருக்கிறேன். நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்கு நன்றி.

நீங்கள் போன பிறகு வந்து, நீங்கள் உட்கார்ந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார்கள் என்று சொன்னேன். மன்னிப்பைப் பற்றி அவள் இன்னும் என்னிடமும் ஒன்றும் சொன்னதில்லை. விரல் சேர்ந்துவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணல். பென்சில் பிடிக்கும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு நாளும் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன். மன்னிப்பாளோ மாட்டாளோ, பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இன்று காலை பாடம் முடிந்ததும் தானாகக் கேட்டாள், பெரியம்மா திரும்ப வருவாங்களா என்று. தெரியாது, கேட்டு எழுதவா என்றேன். நான் சொல்றதை அப்படியே எழுதுங்க என்றாள். எழுதுகிறேன்:

"வந்தா நான் தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பேன். உக்கார மாட்டேன். வச்சிட்டுப் போயிருவேன். எழுதிக் காட்டச் சொல்லக் கூடாது."

இவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை வாங்க அக்கா. ஒன்பது மணி பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும்.

புஷ்பம்